பனிக்குத் தப்பிய செடிகள்

இங்கிலாந்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுடைய வருஷம், நாட்காட்டியில் எந்தத் தேதியில் முடிந்தாலும், உண்மையில் முதல் உறைபனி விழும் இரவோடு முடிந்துவிடுகிறது. அக்டோபர் மாதத்தின் பிற்பகுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ, வானம் நிர்மலமாகவும் காற்று அடங்கியும் இருக்கும் ஓர் இரவில் அது வந்து சேரும். முந்தின நாள் மாலை வரையில் மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாகப் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்த டேலியாச் செடிகள், மறுநாள் சூரியன் ஏறும் வேளையில் கொதிநீரில் முக்கியெடுத்த கீரையைப்போல் கறுத்துத் துவண்டு தொங்கும். அதைக் கண்டதும் அந்நாட்டுத் தோட்டக்காரர், தம் தகப்பனாரும் பாட்டனாரும் செய்துவந்த காரியங்களில் தாமும் இறங்குவார். டேலியாக் கிழங்குகளைத் தோண்டி, மண்ணை உதிர்த்து, தண்டில் தங்கிய நீர் வடியும்படி சில நாள் தலைகீழாக வைத்திருந்து, பிறகு உலர்ந்த மணலில் புதைத்து, உறைபனி எட்டாத ஓர் அறையில் சேர்ப்பார். பெலர்கோனியங்களைத் தொட்டிக்குப் பெயர்த்துக் கண்ணாடி மனைக்குள் கொண்டுபோவார். கல்வாழையைக் கிழங்கோடு எடுத்துச் சாக்கில் கட்டுவார்.

எல்லாச் செடிகளையும் எல்லாராலும் இப்படிக் காப்பாற்ற முடிவதில்லை. கண்ணாடி மனையில் இடம் போதாமலிருக்கலாம். இடுப்பு வலி வந்திருக்கலாம். வேலியோரத்து மூலையில் இருந்த ஒரு செடி ஞாபகத்துக்கே வராமற் போயிருக்கலாம். அவ்வாறு கைவிடப்பட்ட செடி, நான்கைந்து மாதகாலம் மழையிலும் பனியிலும் கிடந்து, உடையவர் அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்ட பிறகு, மே மாதத்தில் ஒருநாள் மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு செந்நிறத் துளிரை நீட்டுமானால், அவர் அடையும் சந்தோஷம் விலைகொடுத்து வாங்கிய நூறு செடிகளால் கிடைப்பதன்று. இந்த அதிசயத்துக்குக் காரணம் என்ன என்று விசாரிக்கப் புகுந்தால், குளிர் தாங்காத செடி என்று நாம் ஒன்றுக்கு முத்திரை குத்துவது, அச்செடியின் பிறவிக் குணத்தைப் பற்றிய தீர்ப்பாக இருப்பதைக் காட்டிலும், அது நின்ற இடத்தையும், அந்த மண்ணின் ஈரத்தையும், சில சமயம் நம்முடைய அவசரத்தையும் பற்றிய தீர்ப்பாகவே பெரும்பாலும் இருக்கிறது என்பது புலப்படும்.

முதலில், குளிர் என்று நாம் ஒரே பெயரால் சொல்வது செடிகளுக்கு இரண்டு வேறு ஆபத்துக்கள் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உஷ்ணப் பிரதேசத்துச் செடிகள் பலவற்றுக்கு நீர் உறையும் நிலை வரவேண்டும் என்பதே இல்லை. பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே தொடர்ந்து சில நாள் இருந்தாலே அவற்றின் உயிரணுக்களைச் சூழ்ந்த சவ்வு தன் இளக்கத்தை இழந்து, உள்ளே நடக்கவேண்டிய காரியங்கள் தாறுமாறாகிவிடும். நம்முடைய உணவு வாழையும் துளசியினங்களும் இவ்வகை. லண்டனில் குடியேறிய தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைச் செடி தொட்டியிலேயே காலம் தள்ளுவதும், குளிர்காலத்தில் வரவேற்பறை ஜன்னலோரத்துக்கு அது குடிபெயர்வதும் இதனால்தான். அங்கேயும் அது இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாய் நிற்பதுண்டு. பட்டுப்போயிற்று என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மறுபடி பத்துப் பதினைந்து பவுண்டு கொடுத்து இன்னொன்று வாங்குகிறவர்கள், ஏப்ரல் வரையில் பொறுத்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது ஆபத்து, நீர் உறைவதனால் வருவது. பூஜ்ய டிகிரியில் தண்ணீர் பனிக்கட்டியாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் செடிக்குள் இருக்கும் தண்ணீர் அத்தனை கீழ்ப்படிதலுள்ளதன்று. தூசும் துகளும் கலவாத சுத்தமான நீர்த்துளி, உறைவதற்கு ஒரு பற்றுக்கோடு கிடைக்காமல், பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 38 டிகிரி வரையில்கூடத் திரவமாகவே இருக்கக்கூடும். இலைகளின்மேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியாவுக்கு, இந்தப் பற்றுக்கோடாக அமையும் ஒரு விசித்திரமான சக்தி உண்டு. அது இருக்கும் இலையில் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரியிலேயே பனிக்கட்டி பிறந்துவிடும். அப்படிப் பிறக்கும் பனிக்கட்டி முதலில் தோன்றுவது உயிரணுக்களுக்கு உள்ளே அன்று, அவற்றுக்கு இடையிலுள்ள வெளிகளில். அங்கே தோன்றிய பனிக்கட்டி, பக்கத்து உயிரணுக்களிலிருந்து நீரை உறிஞ்சி உறிஞ்சித் தான் பருக்கிறது. ஆகவே உறைபனியில் சாகும் செடி, பெரும்பாலும், கோடையில் சாகும் செடியைப்போல் தாகத்தினாலேயே சாகிறது என்று சொல்லலாம். கண்ணெதிரே தண்ணீர் கட்டியாக இருக்கிறது, குடிக்க முடியவில்லை. பனிக்கட்டி உயிரணுவுக்குள்ளேயே புகுந்துவிட்டாலோ, சவ்வு கிழிந்து எல்லாம் முடிந்துவிடுகிறது.

குளிர்தேசத்துச் செடிகள் இதற்கு ஆயத்தம் செய்துகொள்ளும் விதம் அழகானது. பகற்பொழுது குறுகி, இரவுகள் மெல்ல மெல்லக் குளிர்ந்து வரும்போது, அவை வளர்ச்சியை நிறுத்தி, உயிரணுக்களில் சர்க்கரையைச் சேர்த்து, சவ்வின் கொழுப்பை இளக்கமான வகையாக மாற்றி, நீர் வற்றினாலும் உறுப்புக்கள் சிதையாதபடி தாங்கும் சில புரதங்களையும் உண்டாக்கிக்கொள்கின்றன. இந்தப் பயிற்சிக்குச் சில வாரங்கள் வேண்டும். அக்டோபரில் திடீரென்று வரும் நாலு டிகிரி உறைபனியில் மாண்டுபோகும் அதே செடி, படிப்படியாகக் குளிர்ந்துவந்த ஒரு வருஷத்தில், ஜனவரி மாதத்து எட்டு டிகிரி உறைபனியைப் பொறுத்துக்கொள்வது இதனால்தான். சென்ற வருஷம் லேசான குளிரில் செத்த செடி இந்த வருஷம் கடுங்குளிரில் பிழைத்ததே என்று திகைப்பவர்கள், குளிர் எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறார்கள். எப்போது, எவ்வளவு வேகமாக வந்தது என்று பார்ப்பதில்லை.

இந்த விஷயத்தில் பழைய தோட்டக்காரர்கள் எழுதிவைத்த சாட்சியங்கள் இன்றைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைவிடச் சுவையானவை. 1683-84ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தேம்ஸ் நதி கெட்டியாக உறைந்து, அதன்மேல் கடைவீதியே அமைத்து லண்டன் மாநகரத்தார் வியாபாரம் செய்தார்கள். அப்போது நகருக்குக் கிழக்கே டெட்போர்டில், ஸேயஸ் கோர்ட் என்னும் மாளிகையில் வசித்தவர் ஜான் எவலின். மரம் வளர்ப்பைப் பற்றி அவர் 1664இல் வெளியிட்ட நூலோடு, தோட்டத்தில் எந்த மாதத்தில் என்ன செய்யவேண்டும் என்று வகுத்துச் சொல்லும் பஞ்சாங்கம் ஒன்றையும் சேர்த்திருந்தார். தேசத்திலேயே இவ்விஷயத்தில் அவரைவிடத் தேர்ந்தவர் சிலரே. அப்பேர்ப்பட்டவருடைய தோட்டமும் அந்தக் குளிருக்குத் தப்பவில்லை. பிப்ரவரியில் போய்ப் பார்த்தபோது, அருமையாக வளர்த்த செடிகள் பல அழிந்துகிடந்தன. ஆரஞ்சும் மிர்ட்டிலும் நலிந்திருந்தன. ரோஸ்மரி செத்ததுபோல் தோன்றியது. சைப்ரஸ் மட்டும் பிழைக்கும்போல் இருந்தது. இந்தச் சேதங்களை அவர் ராயல் சொஸைட்டிக்கு ஒரு கடிதமாக எழுதினார். அதில் செடிகளுக்கிடையே ஓர் ஆமையின் மரணமும் பதிவாகியிருக்கிறது. பல கடுங்குளிர்களைப் பூமிக்குள் புதைந்து கழித்துவிட்டு வெளிவந்த அந்த ஆமை, அவ்வருஷம் வழக்கமான ஆழத்துக்குத் தோண்ட முடியாமல் ஒரு திராட்சைக்கொடியின் வேர் குறுக்கிட, மேலாகவே தங்கி விறைத்துச் செத்துக் கிடந்ததாம்.

ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1784ஆம் ஆண்டு டிசம்பரில், ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த செல்போர்ன் என்ற சிற்றூரில் இன்னொரு கடுங்குளிர். அவ்வூர்ப் பாதிரியாராகிய கில்பர்ட் ஒயிட், பறவைகளையும் செடிகளையும் தட்பவெப்பத்தையும் நாள் தவறாமல் குறித்துவைத்த மகானுபாவர். அவருடைய தோட்டத்திலும் டிமதி என்று ஓர் ஆமை இருந்தது. அந்த டிசம்பரில் ஓர் இரவு அவருடைய உஷ்ணமானி, பாரன்ஹீட் அளவில் பூஜ்யத்துக்கும் ஒரு டிகிரி கீழே, அதாவது நம்முடைய கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 18 டிகிரிக்கு இறங்கிற்று. டிமதி அதன் பிறகும் பத்து வருஷம் உயிரோடிருந்து, எஜமானருக்கு அடுத்த ஆண்டில்தான் இறந்தது. தரைக்குமேல் இருந்த லாரல் வேலி கருகிப்போன அதே தோட்டத்தில், தரைக்குக் கீழே இருந்த ஆமை பிழைத்தது. ஓர் அடி ஆழத்து மண் எவ்வளவு பெரிய போர்வை என்பதற்கு இவ்விரண்டு ஆமைகளைக் காட்டிலும் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. இங்கிலாந்தின் சாதாரணக் குளிர்காலத்தில் மண் சில அங்குல ஆழத்துக்கு மேல் உறைவது அபூர்வம். கைமறதியாக விடப்பட்ட டேலியாவின் கிழங்கு ஒரு சாண் கீழே இருந்துவிட்டால், மேலே நடக்கும் அமளி அதற்குத் தெரியாது.

ஒயிட்டின் கதை அதோடு முடியவில்லை. அதே இரவில், பக்கத்து மேட்டிலுள்ள நியூட்டன் என்ற ஊரில் இருந்த உஷ்ணமானி வெகு குறைவான குளிரையே காட்டியதாகச் செய்தி வந்தது. உயரமான இடம் அல்லவா அதிகமாகக் குளிரவேண்டும்? கருவியில்தான் கோளாறு என்று சந்தேகித்த ஒயிட், இரண்டு கருவிகளையும் ஒரே இடத்தில் வைத்து ஒத்துப்பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கின. அந்த இரவில் பள்ளத்திலிருந்த செல்போர்ன், மேட்டிலிருந்த நியூட்டனைவிடப் பாரன்ஹீட் அளவில் 18 டிகிரி அதிகமாகக் குளிர்ந்திருந்தது என்பதை அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. செடிகளும் அதையே சொல்லின. அவருடைய தோட்டத்து லாரஸ்டைனஸும் பே என்னும் மரமும் போர்ச்சுகல் லாரலும் வெந்துபோயிருக்க, நியூட்டனில் இருந்த அதே இனங்கள் ஓர் இலையைக்கூட இழக்கவில்லை.

காரணம் இன்று எல்லாருக்கும் தெரிந்ததே. மேகமில்லாத அமைதியான இரவில் தரை தன் உஷ்ணத்தை ஆகாயத்துக்கு வாரி இறைத்துவிடுகிறது. தரையைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, சரிவு வழியே நீரைப்போல் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. நம் நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் போகிறவர்கள் இதை நேரில் பார்க்கலாம். புல்வெளிகளும் ஓடைக்கரைகளும் உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்திருக்க, பக்கத்திலேயே சோலைக்குள் மரங்களின் அடியில் பசுமை கெடாமல் இருக்கும். இலைக்கூரை தரையின் உஷ்ணத்தை ஆகாயத்துக்குப் போகவிடாமல் தடுத்துக்கொள்கிறது. உதகைத் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளின்மேல் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளைப் பரப்பி மூடுவதும் அதே தத்துவத்தை ஒட்டியதுதான். கனமான போர்வை அவசியமில்லை. செடிக்கும் வானத்துக்கும் இடையில் ஏதேனும் ஒன்று இருந்தாற் போதும். வேலியோரத்திலோ மரத்தடியிலோ மறந்துவிடப்பட்ட செடி பிழைப்பதும், தோட்டத்தின் நடுவில் கௌரவமாக நின்ற செடி சாவதும் பல சமயம் இதனால் நேருகிறது.

சுவரின் உபகாரமும் பெரிது. தெற்கு நோக்கிய செங்கற்சுவர் பகலில் குடித்த வெயிலை இரவில் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபுக்கள் பழத்தோட்டங்களைச் சுற்றிச் சுவர் எழுப்பியதோடு திருப்தியடையாமல், சுவருக்குள்ளேயே புகைவழிகள் அமைத்து, பின்புறம் அடுப்பெரித்துச் சுவரையே சூடாக்கினார்கள். பீச் பழத்துக்காக நிலக்கரி எரித்த அந்தக் காலத்து மனிதர்களைப் பார்த்து நாம் சிரிக்கலாம். இன்று நகரங்களில் ஒவ்வொரு வீட்டுச் சுவரும் உள்ளே எரியும் கொதிகலனால் அதே வேலையைச் செய்கிறது, அதற்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நகரமே ஒரு சூடான சுவர்தான் என்பதை முதலில் அளந்து காட்டியவர், மேகங்களுக்குப் பெயர் வைத்த லூக் ஹோவர்ட். லண்டனின் சீதோஷ்ணத்தைப் பற்றி அவர் 1818 முதல் வெளியிட்ட நூலில், நகரத்து இரவு சுற்றுப்புறக் கிராமங்களின் இரவைவிடச் சராசரி இரண்டு டிகிரி செல்சியஸ் உஷ்ணமாக இருப்பதைக் கணக்கிட்டிருக்கிறார். இரண்டு டிகிரி அற்பமாகத் தோன்றலாம். பெலர்கோனியத்துக்கு அது வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள தூரம்.

ஆனால் எல்லாச் செடிக்கும் வெயில் விழும் சுவர் நன்மை செய்யும் என்று எண்ணிவிடலாகாது. உறைந்த இலையின்மேல் காலைச் சூரியன் சடக்கென்று விழுந்தால், அது வேகமாக இளகி, உறைந்ததனால் ஏற்பட்டதைவிட அதிகச் சேதம் அடைவதுண்டு. 1768ஆம் ஆண்டுக் குளிருக்குப் பின், வடக்கு நோக்கியிருந்த பக்கத்து வீட்டு லாரல் வேலி பச்சென்று இருந்ததை ஒயிட் கவனித்து எழுதியிருக்கிறார். இன்றும் கமேலியாவைக் கிழக்குப் பார்த்து நடாதே என்று நர்ஸரிக்காரர்கள் எச்சரிப்பார்கள்.

என்னுடைய அபிப்பிராயத்தில், இந்த நாடகத்தில் குளிருக்குக் கிடைக்கும் அபகீர்த்தியில் பாதி ஈரத்துக்குச் சேரவேண்டியது. சால்வியா, அகபாந்தஸ் போன்ற பல செடிகள் தம் சொந்த மலைகளில் கடுங்குளிரைக் கண்டவையே. அங்கெல்லாம் குளிர்காலம் வறண்டிருக்கும், அல்லது மண் சரளையாக இருக்கும். இங்கிலாந்தின் களிமண்ணில் நவம்பர் முதல் மார்ச்சு வரை ஊறிக் கிடக்கும் கிழங்கு, உறைவதற்கு முன்பே அழுகிவிடுகிறது. தோண்டிப் பார்க்கிறவர் குழைந்த கூழைக் கண்டு, பனி கொன்றுவிட்டது என்கிறார். மணற்பாங்கான மேட்டில் தப்பித்த அதே இனத்தைக் கண்டு அதிசயிக்கவும் செய்கிறார். வெண்பனியோ, பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும், சிநேகிதன். புதிதாக விழுந்த வெண்பனியில் பெரும்பகுதி காற்றுதான்; ஓர் அடி கனத்துக்கு அது படிந்துவிட்டால், மேலே காற்று எத்தனை டிகிரிக்கு இறங்கினாலும், கீழே மண் பூஜ்யத்தை ஒட்டியே நின்றுவிடும். கனடாவிலும் ரஷ்யாவிலும் பூண்டுச் செடிகள் பிழைப்பது அந்தப் போர்வையை நம்பித்தான். அங்கே தோட்டக்காரர்கள் அஞ்சுவது வெண்பனி விழாத கடுங்குளிரை.

வாழையைப் பற்றிச் சொல்லாவிட்டால் தமிழ் வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். முஸா பாஸ்ஜூ என்று ஒரு வாழை உண்டு. ஜப்பானிய வாழை என்று அழைத்தாலும் அதன் பிறப்பிடம் தென் சீனா. கனி உண்ணத் தகாதது. பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானியக் கவி ஒருவருக்குச் சீடன் ஒருவன் இதைக் கொண்டுவந்து குடிசை வாசலில் நட்டுக்கொடுக்க, அதன் பெயரையே அவர் தம் புனைபெயராகக் கொண்டு பாஷோ என்று உலகப் புகழ் பெற்றார். இந்த வாழையை இன்று இங்கிலாந்தில் சாதாரண வீட்டுத் தோட்டங்களிலும் காணலாம். முதல் உறைபனியில் இலைகள் கருகியதும், அவற்றை அறுத்துவிட்டு, தண்டைச் சுற்றிக் கம்பிவலையால் ஒரு கூடு கட்டி, அதற்குள் வைக்கோலை நெருக்கித் திணித்து, உச்சியில் மழைநீர் இறங்காதபடி ஓட்டையோ தகரத்தையோ கவிழ்த்துவைப்பார்கள். ஏப்ரலில் பிரித்துப் பார்த்தால் மேற்பட்டைகள் பழுப்பாய்க் குழைந்து, நாற்றமெடுத்துக் கையில் வரும். அறிந்தவர் அத்துடன் பயந்து விடுவதில்லை. கத்தியை எடுத்து உச்சியிலிருந்து ஒவ்வோர் அங்குலமாகச் சீவிக்கொண்டே வருவார். பழுப்பு மறைந்து, நடுவில் ரூபாய் அகலத்துக்கு வெள்ளையாய், கெட்டியாய், நீர் கசியும் குருத்து தெரியும் இடத்தில் நிறுத்துவார். இரண்டு நாளில் அந்த வெள்ளை வட்டம் மற்றப் பட்டைகளைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருக்கும். அதுவே உயிர் இருப்பதற்கு அத்தாட்சி.

தண்டு முழுவதும் போய்விட்டாலும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஜூன் மாதத்தில் அடிக்கிழங்கிலிருந்து பக்கக்கன்றுகள் வரும். தாரை வெட்டியபின் தாய்மரத்தைச் சாய்த்துவிட்டு, கன்றை நம்பியிருப்பது நமக்குப் பழக்கமாதலால், வாழையடி வாழை என்று ஆசீர்வாதமே வைத்திருக்கிறோம். நாம் தண்டு என்று சொல்வது ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்ட இலையுறைகளின் கட்டு மட்டுமே, மெய்யான தண்டு மண்ணுக்குள்ளே கிடக்கும் கிழங்கு என்பதை நம் குடியானவர்கள் தாவர சாஸ்திரம் படிக்காமலே அறிவார்கள். ஐரோப்பியத் தோட்டக்காரருக்கு அது ஒவ்வொரு ஜூன் மாதத்திலும் புதிய செய்தியாக இருக்கிறது.

சில செடிகளுக்குக் குளிர் தாங்காதது என்ற பெயர் வந்ததே பரீட்சை பார்க்காததனால். கிழக்கு நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தவையெல்லாம் உஷ்ணத்தில் பிறந்தவை என்ற நம்பிக்கையில், ஐரோப்பியர் அவற்றைச் சூடேற்றிய கண்ணாடி மனைகளில் அடைத்தார்கள். இங்கிலாந்துக்கு முதலில் வந்த கமேலியாக்கள், எஸ்ஸெக்ஸில் பீட்டர் பிரபுவின் தார்ண்டன் மாளிகையில், 1740ஐ ஒட்டி, அந்த வெப்பம் தாங்காமலே மாண்டன. குளிரிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துப் புழுக்கத்தில் கொன்றார்கள். 1783இல் வந்த ஜப்பானிய அக்யூபாவும் முதலில் அப்படித்தான் சிறைவைக்கப்பட்டது. பிறகு வெளியே விட்டுப் பார்த்ததில், லண்டன் நகரத்துப் புகையும் நிழலும் குளிரும் சேர்ந்து அதை ஒன்றும் செய்யவில்லை, தெருவுக்குத் தெரு வேலிச்செடியாயிற்று. ராபர்ட் பார்ச்சூன் சீனாவிலிருந்து 1849இல் அனுப்பிய ட்ராக்கிகார்ப்பஸ் என்னும் பனையினம், பனை என்ற பெயராலேயே சந்தேகத்துக்கு ஆளாகி, பிறகு வெட்டவெளியில் நின்று வெண்பனியைச் சுமந்துகொண்டு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது.

தனிமனிதருடைய பிடிவாதத்துக்கு உதாரணமாக ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள இன்வெரூ தோட்டத்தைச் சொல்லவேண்டும். ஆஸ்குட் மெக்கன்ஸி என்பவர் 1862இல் அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக் குன்றைத் தோட்டமாக்கத் தொடங்கினார். மாஸ்கோவைவிட வடக்கே உள்ள இடம். பெயருக்கு இருந்த குட்டை வில்லோ புதரைத் தவிர வேறு மரமில்லை. மண்ணையே கூடையில் சுமந்து கொண்டுவந்து கொட்டவேண்டியிருந்தது. அவர் முதலில் பூச்செடி எதையும் நடவில்லை. உப்புக் காற்றைத் தடுக்கப் பைன் மரங்களை நட்டு, அவை உயரும்வரை பல வருஷம் காத்திருந்தார். அவற்றின் மறைவில்தான் பின்னால் டாஸ்மேனியாவின் யூகலிப்டஸும், பெரணி மரங்களும், இமயமலை ரோடோடென்ட்ரான்களும் வளர்ந்தன. மேற்கிலிருந்து வீசும் கடற்காற்றும், அட்லாண்டிக்கைக் கடந்துவரும் வெந்நீரோட்டமும் அந்தக் கரையைக் கடுங்குளிரிலிருந்து காப்பது உண்மையே; ஆயினும் அதே காற்றைத் தடுத்தாலன்றி அதன் உபகாரம் கிட்டாது என்று அறிந்ததே மெக்கன்ஸியின் சாமர்த்தியம்.

கடலை நம்பியவர்களும் என்றென்றைக்கும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலைக்கும் அப்பால் இருக்கும் ஸில்லி தீவுகளில், ட்ரெஸ்கோ என்னும் தீவில், அகஸ்டஸ் ஸ்மித் 1834இல் தீவுகளைக் குத்தகைக்கு எடுத்து, பாழடைந்த ஒரு மடாலயத்தைச் சுற்றித் தோட்டம் அமைத்தார். தென்னாப்பிரிக்காவின் ப்ரோட்டியாக்களும் நியூஸிலாந்துச் செடிகளும் கண்ணாடிக் கூரையின்றி அங்கே தலைமுறை தலைமுறையாக வளர்ந்தன. உறைபனி என்பது அபூர்வ விருந்தாளி. 1987 ஜனவரியில் அந்த விருந்தாளி வெண்பனியோடு வந்து, தோட்டத்தின் மிகப் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. மூன்று வருஷம் கழித்து, 1990 ஜனவரியில், ஒரு சூறாவளி வந்து காற்றுத்தடுப்பு மரங்களையும் முறித்துப்போட்டது. மறுபடி நட்டு வளர்த்த தோட்டத்தைத்தான் இன்று யாத்திரிகர்கள் பார்க்கிறார்கள்.

2010ஆம் ஆண்டு டிசம்பரும் இப்படிப்பட்ட ஒரு பரீட்சை. பிரிட்டனில் நூறு வருஷத்தில் அத்தனை குளிர்ந்த டிசம்பர் வந்ததில்லை. கடற்கரை ஊர்களில் வரிசையாக நட்டு, பனைமரம் என்று பிரயாணிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்த நியூஸிலாந்துக் கார்டிலைன்கள், இலைக் கொண்டை உதிர்ந்து மொட்டைக் கம்பங்களாய் நின்றன. வசந்தத்தில் ரம்பத்தோடு வந்தவர்கள் பலவற்றை வேரோடு அகற்றிவிட்டார்கள். அகற்றாமல் அடியோடு மட்டம் வெட்டிவிட்ட இடங்களில், கோடையின் நடுவில் தூரிலிருந்து நாலைந்து புதிய கொழுந்துகள் கிளம்பின. இந்த வகையில் அனுபவசாலிகள் கையாளும் பரிசோதனை எளியது. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது, பழுப்பானால் இன்னும் கீழே சுரண்டுவார்கள். தரைமட்டத்திலும் பச்சை இல்லையென்றாலும் ஜூலை வரை மண்வெட்டியை எடுப்பதில்லை. கருகிய பழைய தண்டுகளை இலையுதிர்காலத்திலேயே ஒட்ட வெட்டிவிடாமல், அசிங்கமாக இருந்தாலும் வசந்தம் வரை விட்டுவைப்பதும் அவர்களுடைய வழக்கம். அந்தச் சருகே அடிக்குருத்துக்குக் குடையாகிறது.

எந்தச் செடி எவ்வளவு குளிர் தாங்கும் என்று வகுத்துச் சொல்லும் அட்டவணைகளும் வரைபடங்களும் இல்லாமலில்லை. அமெரிக்க விவசாய இலாகா 1960 முதல் தேசத்தை மண்டலங்களாகப் பிரித்து வெளியிட்டு வரும் படத்தின் 2023ஆம் வருஷப் பதிப்பில், முந்தைய 2012ஆம் வருஷப் படத்தோடு ஒப்பிட, ஏறக்குறைய பாதி நாடு அரை மண்டலம் உஷ்ணத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது. குளிர்காலத்தைச் செடிகள் எதிர்பாராமல் கடந்துவிடும் சம்பவங்கள் பெருகிவருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படம் சராசரியைச் சொல்லுகிறதே தவிர, உங்கள் வீட்டுப் பின்கட்டுப் பள்ளத்தைச் சொல்லவில்லை. வெதுவெதுப்பான பிப்ரவரியால் ஏமாந்து, சேர்த்துவைத்த சர்க்கரையைச் செலவழித்துத் துளிர்விட்டுவிட்ட செடியை, ஏப்ரலில் வரும் இரண்டு டிகிரி உறைபனி கொன்றுவிடும் சங்கடமும் இந்த உஷ்ண மாற்றத்தால் அதிகமாகியிருக்கிறது. ஜனவரியில் தப்பித்த செடி ஏப்ரலில் சாவதைப் பார்ப்பது, முதலிலேயே செத்ததைப் பார்ப்பதைவிட மனத்துக்குக் கஷ்டமானது.

ஆகவே, தாய்ச்செடியைத் தைரியமாக வெளியே விட்டுவைக்கும் தோட்டக்காரர்கள்கூட, ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு சிறு ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். பெலர்கோனியத்திலும் சால்வியாவிலும் பூக்காத இளங்கொப்புகளாகப் பார்த்து, கணுவுக்குச் சற்றுக் கீழே, நாலங்குல நீளத்தில் அறுத்து, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் தொட்டியின் விளிம்பையொட்டிச் சுற்றிலும் குத்திவைக்கிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர்விட்டுவிடும். ஒரே தொட்டி, ஆறு கன்றுகள், சமையலறை ஜன்னல். தண்ணீர் மிகமிகக் கொஞ்சம். வெளியே உள்ளது பிழைத்துக்கொண்டால், இந்த ஆறும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும்.